வாசலில் பீசாக்காரன்

இத்தாலியில், லூக்கா நகரத்தின் பட்டுநூல்காரர் சந்தில், பச்சைக் கதவு வைத்த வீட்டில், ஒத்தாவியோ லென்ச்சோனி இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியும் சமையலறை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் வந்து பார்த்து இறந்துவிட்டார் என்று சொன்னார், பாதிரியார் எண்ணெய் பூசினார், தச்சர் பெட்டி கொண்டுவந்தார். மூடிக்கு ஆணி அடிக்கப் போகிற நேரத்தில் ஒத்தாவியோ எழுந்தார். சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார். சமையலறைக்குப் போய்ச் சன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருவேளை உயிர் திரும்பிவிட்டதோ என்று மருத்துவர் மறுபடியும் நாடி பிடித்துப் பார்த்தார். இல்லை, இறந்துதான் இருந்தார். தச்சர் பெட்டியைப் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். துக்கத்துக்கு வந்தவர்களுக்காகக் காய்ச்சிய சூப் ஆறிப்போகிறதே என்று மூத்த மகள் ஆர்ஜியா எல்லாரையும் சாப்பிட உட்காரவைத்தார். இறந்தவரும் கூடவே உட்கார்ந்திருந்தார், கரண்டியைத் தொடவில்லை.

அவரால் தெருவுக்குத் தொந்தரவு ஏதும் இல்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் அதிகம் பேசியவர் அல்ல. சுருட்டுத் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்தவர், இலையின் ஈரத்தை விரலால் தொட்டே சொல்வார் என்பார்கள். இறந்த பின் அவர் உடம்பு கிணற்றுக் கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிர் சமையலறை முழுவதும் பரவியிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வெண்ணெயையும் தர்பூசணியையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டுப் போவார்கள், மாலையில் வந்து எடுத்துக்கொள்வார்கள். குளிர்சாதனப் பெட்டி விலை ஏறிக்கொண்டே போன ஆண்டுகள் அவை. ஈஸ்டருக்கு வீடுகளை மந்திரிக்க வரும் பாதிரியார் அந்தச் சமையலறையில் மட்டும் மேலங்கியைக் கழற்றமாட்டார்.

ஆனால் பிணம் வீட்டில் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று தெரு நினைத்தது. காரணத்தைத் தேடித் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. லூக்காவில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த பழமொழி அது: வாசலில் பீசாக்காரன் நிற்பதைவிட வீட்டில் பிணம் கிடப்பது மேல். எந்தக் காலத்திலோ பக்கத்து ஊரான பீசாவிலிருந்து வரி வசூலிக்க வந்தவர்களால் வந்த பேச்சு. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரே ஒரு மலை, அரை மணி நேர ரயில் பயணம், ஆனாலும் இன்றுவரை பகை ஓய்ந்தபாடில்லை. பீசாக்காரர்கள் அதற்கு ஒரு பதிலும் வைத்திருக்கிறார்கள். "ஆண்டவன் உங்க ஆசையை நிறைவேத்தட்டும்" என்பார்கள், தொப்பியைக்கூடக் கழற்றுவார்கள். ஒத்தாவியோ எப்போதோ தன் வாசலில் நின்று யாரிடமோ இந்தப் பழமொழியைச் சொன்னார் என்பது தெருவில் வயதானவர்களுக்கு மங்கலாக நினைவிருந்தது. ஆண்டவன் நிறைவேற்றிவிட்டான். அப்படியானால் பரிகாரமும் எளிது. ஒரு பீசாக்காரனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் பிணம் எழுந்து போய்விடும்.

சந்தின் முனையில் பழவண்டி வைத்திருந்த துயீலியோ ஆள் பிடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். இரண்டு ஊருக்கும் பேச்சு ஒன்றுதான், ஒரே ஒரு எழுத்தைத் தவிர. சொல்லின் நடுவே வரும் 'க'வைப் பீசாக்காரர்கள் விழுங்கிவிடுவார்கள். அத்திப்பழம் லூக்காவில் 'ஃபீகோ', பீசாவில் 'ஃபீஓ'. துயீலியோ வெளியூர்க்காரர்களிடம் ஓர் அத்திப்பழத்தை நீட்டி, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று வெள்ளந்தியாகக் கேட்பார். பருவம் இல்லாதபோது உலர்ந்த அத்தி. 'க'வை விழுங்கியவர் அகப்பட்டார். கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பச்சைக் கதவைத் தட்டுவார்கள். இப்படிப் பதினோரு ஆண்டுகளில் ஒரு பல் மருத்துவர், தேனிலவுக்கு வந்த தம்பதி, சைக்கிள் பந்தயக்காரர் ஒருவர், வழி தவறி வந்த கன்னியாஸ்திரி என்று எத்தனையோ பீசாக்காரர்கள் அந்த வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "இவனில்லை." கன்னியாஸ்திரிக்கும் அதே பதில்தான். ஆர்ஜியா வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கோப்பை ஒயின் கொடுத்து அனுப்பிவைப்பார். இன்னும் சுத்தமான பீசாக்காரன் வேண்டும்போலிருக்கிறது, பாட்டன் முப்பாட்டன் வரை விசாரித்துக் கூட்டி வர வேண்டும் என்று தெரு பேசிக்கொண்டது. எவனைத்தான் கேட்கிறீர்கள் என்று இறந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆர்ஜியாவிடமும் கேட்கவில்லை.

பதினோராம் ஆண்டின் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீசா ரயில் நிலையத்தின் காபிக் கடையில் மூன்று நண்பர்கள் நின்றிருந்தார்கள். கடலில் குளிக்க வியாரெஜ்ஜோவுக்குப் போவதாகத் திட்டம். வாஸ்கோ ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மோரேனா ஆற்றங்கரையில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவள், கணவனை விட்டு வந்த நாளை ஆண்டுதோறும் கேக் வெட்டிக் கொண்டாடுபவள். மூன்றாமவர் நேதோ, சைக்கிள் பழுது பார்ப்பவர். அவர் பேசமாட்டார். நண்பர்கள் அதற்குப் பழகியிருந்தார்கள். அவர் பேசாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், தலையசைத்தால் மறுப்பு.

"வியாரெஜ்ஜோ வண்டி ஓடாதாம். வேலைநிறுத்தம்," என்று பலகையைப் பார்த்துவிட்டு வந்தார் வாஸ்கோ.

"ஏன்யா, நீ காலம் பூரா டிக்கெட் கிழிச்ச ரயில்வேதானே அது? உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா நிறுத்திட்டாங்க?" என்றாள் மோரேனா.

"என் காலத்துல வேலைநிறுத்தம்கூட நேரத்துக்கு ஆரம்பிக்கும்."

"சரி, எந்த வண்டி முதல்ல கெளம்புதோ அதுல ஏறுவோம். கூடையில ரொட்டி இருக்கு, நடக்கக் கால் இருக்கு, வேற என்ன வேணும்?"

முதலில் கிளம்பவிருந்தது லூக்கா வண்டி. வாஸ்கோ நெஞ்சில் கைவைத்தார். "லூக்காவா? செத்தாலும் நான் அங்க போகமாட்டேன்."

"செத்தப்புறம் உன்னை எவன் கூப்பிடறான்? உசுரோட இருக்கறப்பவே பாத்துட்டு வந்துரலாம். என்ன நேதோ?"

நேதோ ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கினார்கள்.

நேதோவின் மனைவி நாரா லூக்காக்காரி என்பது நண்பர்களுக்குத் தெரியும். அவள் இருந்தவரை அதை வைத்துக் கேலி செய்யாத நாளில்லை, அவளும் விடமாட்டாள். ஆனால் நேதோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லூக்காவில் கால் வைத்ததில்லை என்பதும், ஏன் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. இளைஞனாக இருந்தபோது, புதுத் தொப்பியும் சலவைச் சட்டையுமாக ஒரு வாசலில் போய் நின்று பெண் கேட்டார். அவள் தகப்பனார் பழமொழியைச் சொன்னார். நேதோ தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, எந்தப் பீசாக்காரனும் சொல்லும் பதிலைச் சொன்னார். கதவு மூடியது. அடுத்த வாரம் நாரா கையில் ஒரு சிறு பெட்டியோடு மலைக்கு இந்தப் பக்கம் இறங்கினாள். திரும்பிப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. துணி உலர்த்தும்போது மட்டும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முதல் குளிர்காலத்தில் பொழுது போகாமல் அவருக்குத் தன் ஊர் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்தாள், 'க' வரும்வரை முத்தம் கிடையாது என்று சட்டம் போட்டாள். செப்டம்பர் வந்தால் லூக்காவில் சோம்பும் திராட்சையும் போட்டுச் சுடும் புச்செல்லாத்தோ ரொட்டியின் வாசனை தனக்கு இங்கே வரை வருகிறது என்பாள். அரை மணி நேர வழிதான், போய் ஒன்று வாங்கி வந்திருக்கலாம். நேதோ போகவில்லை. பீசா அடுப்பில் அவளே என்னவோ செய்து பார்ப்பாள். எந்த ரொட்டியை அறுத்தாலும் மூன்று பங்காக அறுப்பாள். ஒன்று அவருக்கு, ஒன்று தனக்கு, மூன்றாவதைத் துணியால் மூடி அலமாரியில் வைப்பாள். அது காய்ந்து கல்லானதும் ஒயினில் நனைத்து அவளே சாப்பிடுவாள். யாருக்கு அந்தப் பங்கு என்று நேதோ கேட்டதில்லை.

அவள் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசி நாள் மாலை, ஜுரத்தில், "அப்பா எப்பவாவது என்னைப் பத்திக் கேட்டாராமா?" என்றாள். ஊரிலிருந்து யாரோ வந்து செய்தி சொல்லியிருப்பார்கள், நேதோ தன்னிடம் மறைத்துவைத்திருக்கிறார் என்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அவருக்கு வாய் வரவில்லை. விடிவதற்குள் அவள் போய்விட்டாள். அவர் லூக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மூடின கதவுக்கு யாரும் செய்தி சொல்வதில்லை. அதே கணக்கில்தான் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு லூக்காவிலிருந்தும் பீசாவுக்குச் செய்தி வரவில்லை. இப்படி ஒரு மலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள் தங்கள் சாவை ஒன்றுக்கொன்று சொல்லாமல் வைத்திருந்தன. அந்தக் கேள்வி மட்டும் நேதோவோடு இருந்தது. சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போதும், கடையை மூடும்போதும், ரயில் மலையைக் குடைந்து போகும் இருட்டிலும்.

லூக்காவில் நாள் நன்றாகத்தான் போனது. கோட்டைமதில் மேல் மரநிழலில் நடந்தார்கள். உச்சியில் மரங்கள் வளர்ந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "இவங்களுக்குத் தோட்டம் போட எடமே இல்லையா, கஞ்சப் பயலுக," என்றார் வாஸ்கோ. "நம்ம கோபுரம் மட்டும் என்ன வாழுது? அதுக்கு நேரா நிக்கவே வராது," என்றாள் மோரேனா, போகிறவர்கள் வருகிறவர்கள் சிரிக்கும் அளவுக்கு உரக்க. ஓர் உணவகத்தில் கோதுமை சூப் குடித்தார்கள். வாஸ்கோ குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு வாங்கினார். வெளியே வந்ததும் மோரேனா ஒரு கடையில் வளையம்போல் சுட்ட பெரிய புச்செல்லாத்தோ ஒன்றை வாங்கினாள். "உன் கை சும்மாதானே தொங்குது" என்று அதை நேதோவின் முழங்கையில் மாட்டிவிட்டாள். சோம்பு வாசனை அடித்தது. நேதோ கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மற்ற இருவரும் சந்து சந்தாக நடந்து முன்னால் போய்விட்டார்கள். அவர் எட்டிப் பிடித்தபோது அவர்கள் ஒரு பழவண்டியின் முன்னால் நின்றிருந்தார்கள்.

"இதுக்கு உங்க ஊர்ல என்ன பேருங்க?" என்று துயீலியோ அத்திப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபீஓ," என்றார் வாஸ்கோ. "ஃபீஓ, வேற என்ன?" என்றாள் மோரேனா.

துயீலியோவின் முகம் மலர்ந்தது. ஒழுங்கு தவறாதவர் என்பதால் மூன்றாமவரிடமும் நீட்டினார். நேதோ பழத்தைப் பார்த்தார்.

"ஃபீகோ."

நாரா கேட்டிருந்தால் முத்தம் கொடுத்திருப்பாள், அவ்வளவு சுத்தமாக வந்தது 'க'. துயீலியோ அவர் தோளைத் தட்டினார். "நம்ம ஊர்க்காரரா? எப்படிங்க இந்த ரெண்டு பேர் கூடச் சுத்தறீங்க? காது வலிக்கல? சரி, நீங்க ஓரமா வாங்க. இவங்களை மட்டும் ஒரு வீட்டு வாசல்ல நிறுத்த வேண்டியிருக்கு, பயப்படாதீங்க, ஒயின் உண்டு."

ஒயின் என்றதும் வாஸ்கோ பயப்படவில்லை. தெருவில் சன்னல்கள் திறந்தன. "ரெண்டு பேரா? இந்தத் தடவையும் பொம்பளை உண்டா?" என்று மேலிருந்து யாரோ கேட்டார்கள். பிணத்தைப் பற்றித் துயீலியோ போகிற வழியில் சொல்லிக்கொண்டு வந்தார், கறவை மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல. மோரேனா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, "வெண்ணெய் உருகவே உருகாதா?" என்று மட்டும் கேட்டாள். பின்னால் வந்த நேதோவுக்கு அந்தச் சந்தின் திருப்பம் காலுக்குத் தெரிந்திருந்தது. பச்சைக் கதவைக் கண்டதும் எதிர்ச் சுவரோடு நின்றுவிட்டார்.

ஆர்ஜியா கதவைத் திறந்தார். அறுபதைத் தொட்ட பெண், கோடையிலும் கம்பளிச் சால்வை. வந்தவர்களை நிறுத்தி உள்ளே பார்த்து, "அப்பா, பீசாக்காரங்க," என்றார், பால்காரர் வந்திருப்பதைச் சொல்கிற குரலில்.

"இவனில்லை," என்றது சமையலறை. கொஞ்சம் பொறுத்து, "இவளுமில்லை."

"அட, எங்க வீட்டுலயும் இதேதான் சொல்வாங்க," என்று வாஸ்கோ கோப்பையை வாங்கிக்கொண்டார். தெரு சிரித்தது, சன்னல்கள் மூடத் தொடங்கின. அப்போதுதான் ஆர்ஜியா எதிர்ச் சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். நரைத்த தலை, தடித்த உடம்பு. அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தார். அந்தப் பிடியை ஆர்ஜியா முன்பு ஒரு தடவை, மாடிப் படியில் தங்கையோடு ஒளிந்து நின்று பார்த்திருந்தார். கையிலிருந்த ஒயின் குடுவை சாய்ந்தது.

நேதோ தெருவைக் கடந்து வந்தார். ஆர்ஜியா கதவைப் பாதி சாத்திக்கொண்டு அந்த இடைவெளியில் நின்றார்.

"வராதீங்க," என்றார் மெல்ல. "உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், வராதீங்க."

"அவர் யாரைக் கேக்கறார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாள்லேருந்து தெரியும்."

"அப்ப ஏன் எனக்கு ஆள் அனுப்பல?"

"அனுப்பியிருந்தா வந்திருப்பீங்க. வந்திருந்தா இவர் போயிருப்பார். அப்புறம் இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா?"

"உங்ககிட்டப் பேசுவாரா?"

"பேசமாட்டார். இருந்தப்பவும் பேசினதில்ல. ஆனா உக்காந்திருக்கார் இல்ல?"

நேதோவுக்கு அது புரிந்தது. இரண்டு ஆண்டுகளாக அவர் சமையலறையில் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் யாராவது ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருப்பார். நாராவின் கேள்வி தொண்டைவரை வந்திருந்தது. உள்ளே இருப்பவரிடம் அதைக் கேட்க நாலடி நடந்தால் போதும். கேட்டால் இந்தப் பெண்ணின் வீடு காலியாகிவிடும். அவர் தலையசைத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினார். "என்னய்யா ஆச்சு?" என்று கேட்ட வாஸ்கோவைத் தாண்டி நடந்தார்.

"போறது யாரு?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பதினோரு ஆண்டுகளில் இறந்தவர் கேள்வியாக ஒன்றும் கேட்டதில்லை. மூடிக்கொண்டிருந்த சன்னல்கள் நின்றன. துயீலியோதான் பதில் சொன்னார்: "பீசாக்காரர் இல்லீங்க ஐயா, நம்ம ஊர்க்காரர்தான். நான் சோதிச்சுப் பாத்துட்டேன். 'ஃபீகோ'ன்னு வாய் நெறையச் சொன்னார்."



"இந்தத் தெருக்காரன் நடை எனக்குத் தெரியாதா? அது இந்தத் தெரு நடை இல்ல," என்றார் இறந்தவர். "அப்படிச் சொல்ல அவனுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

நாற்காலி தரையில் உராய்ந்தது. குளிர் முதலில் வந்தது, வாசல் கல் வேர்த்தது. பிறகு ஒத்தாவியோ லென்ச்சோனி சமையலறை நிலைப்படிக்கு வந்து நின்றார். சட்டைக் கழுத்து கலையாமல் இருந்தது. ஆர்ஜியா அப்பாவைப் பார்த்தார், தெருவில் முதுகு காட்டி நின்ற ஆளைப் பார்த்தார். கதவிலிருந்து கையை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. ஆனால் எடுத்துவிட்டார். கதவு தானாக அகலத் திறந்துகொண்டது.

நேதோ வந்து வாசலில், அன்றைக்கு நின்ற கல்லில் நின்றார்.

"அவ வரலையா?" என்றார் இறந்தவர், அவர் தோளுக்குப் பின்னால் தேடிக்கொண்டே.

"இல்ல. போயிட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு. நுரையீரல்ல காய்ச்சல்."

ஆர்ஜியா சால்வை முனையை வாயில் வைத்துக்கொண்டார். வாஸ்கோகூடக் கோப்பையைக் கீழே வைத்திருந்தார்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டா," என்றார் நேதோ. ஒரே நாளில் அவ்வளவு வார்த்தைகள் அவர் பேசியதில்லை, ஒவ்வொன்றையும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. "அப்பா எப்பவாவது என்னைப் பத்திக் கேட்டாரான்னு. எனக்குப் பதில் தெரியல."

இறந்தவர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இறந்தவர்களுக்குக் கண்ணில் நீர் வராது, விரல் நுனிகளில்தான் வந்தது, வாசல் கல்லைப் போல அவையும் வேர்த்தன.

"பதினோரு வருஷமா வேற என்னத்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன்?" என்றார். "எவன் வந்து நின்னாலும் அவன் முதுகுக்குப் பின்னாடி பாத்தேன். நீ வந்தா அவளும் நிப்பான்னு நெனச்சேன். நான்தானே கதவைச் சாத்தினேன், நான்தானே தொறக்கணும்? அதுக்குத்தான் போகாம உக்காந்தேன். அவ எனக்கு முந்தி அங்க போயிட்டாளா?" ஒரு கணம் நின்று, "பைத்தியக்காரன், தப்பான வாசல்ல காத்துக்கிட்டிருந்திருக்கேன்," என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. அவர் தன் தொப்பியையும் கோட்டையும் கேட்டார். ஆர்ஜியா கோட்டைத் தட்டி, கை நுழைக்கப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவேவா அப்பா?"

"அவ ரெண்டு வருஷமாத் தனியா இருக்கா."

"நான்?"

அவர் மகளை இதுவரை பார்க்காததுபோல் பார்த்தார். பின்பு வாசல் பக்கம் மோவாயைக் காட்டினார். "வாசல்ல ஆளு நிக்குது பாரு. வெளியவே நிறுத்தி வெச்சிருக்கே. உள்ள கூப்பிடு."

நேதோ முழங்கையிலிருந்து புச்செல்லாத்தோவைக் கழற்றினார். "இதைக் கொண்டுபோங்க, மாமா. வருஷா வருஷம் கேட்பா. நான் வாங்கித் தந்ததில்ல."

இறந்தவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். "எந்தக் கடை?"

மோரேனா கடையைச் சொன்னாள்.

"அவன் சோம்பு கம்மியாப் போடுவான்," என்றார். ஆனாலும் வளையத்தைத் தன் முழங்கையில் மாட்டிக்கொண்டு, நேதோவின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, வாசலைக் கடந்தார். பிடித்த இடத்தில் சட்டை நனைந்து, காய அன்று முழுவதும் ஆனது. துயீலியோ வழிக்கு இரண்டு அத்திப்பழம் கொடுத்தார், விலை கேட்டதற்கு வேண்டாம் என்றார். ஒத்தாவியோ சந்தைக் கடந்து, மதில்மேல் ஏறி, லூக்காக்காரர்கள் ஞாயிறு மாலை நடப்பதுபோல மரநிழலில் நடந்தார். தெரிந்தவர்களுக்குத் தொப்பியைத் தொட்டார். கால் சுற்று நடந்ததை எதிரே சைக்கிளில் வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை.

அன்று மாலை பட்டுநூல்காரர் சந்தில் எல்லார் வெண்ணெயும் உருகியது. ஆர்ஜியா சால்வையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார், மூன்று பீசாக்காரர்களையும் சமையலறையில் உட்காரவைத்தார். தங்கை எப்படி இருந்தாள், என்ன உடுத்தினாள், எதற்குச் சிரித்தாள் என்று கேட்டார். நேதோவுக்குச் சொல்ல வராதபோது மோரேனா சொன்னாள், மோரேனா மிகைப்படுத்தியபோது வாஸ்கோ திருத்தினார், வாஸ்கோ திருத்தியது தவறு என்று நேதோ தலையசைத்தார். கடைசி வண்டியில் பீசா போய்ச் சேர்ந்தார்கள். "ஏன்யா, உனக்கு இவ்வளவு பேசத் தெரியும்னு சொல்லவே இல்லையே," என்று வாஸ்கோ வழியெல்லாம் புலம்பினார்.

சந்துக்காரர்கள் கூட்டாக ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கி ஆர்ஜியா வீட்டிலேயே வைத்தார்கள், வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்று. துயீலியோ பழக்கதோஷத்தில் இன்னமும் வெளியூர்க்காரர்களிடம் அத்திப்பழத்துக்குப் பெயர் கேட்கிறார். 'ஃபீஓ' என்பவர்களுக்கு ஒரு பழம் கூடுதலாகக் கிடைக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நேதோ சைக்கிள் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் சோம்பு வாசனை அடித்தது. மேசைமேல் மாமா கொண்டுபோன புச்செல்லாத்தோவின் ஒரு பங்கு தட்டில் இருந்தது, நாரா அறுப்பதுபோல் கொஞ்சம் சாய்வாக அறுத்தது. அலமாரியைத் திறந்தார். துணியால் மூடி இன்னொரு பங்கு இருந்தது. மூன்றாவது இல்லை. அது அவளுடையது. அவர் உட்கார்ந்து தன் பங்கைத் தின்றார். எதிர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு எழுந்து, அலமாரியில் இருந்ததைத் துணியோடு எடுத்துக் கூடையில் வைத்தார். அது யாருக்கு என்று இப்போதும் யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை முதல் வண்டியில் போய்ப் பச்சைக் கதவைத் தட்டினார். ஆர்ஜியா வாங்கிப் பிரித்துப் பார்த்தார், அறுத்த விளிம்பை விரலால் தடவினார். ரொட்டி காய்ந்துபோயிருந்தது. இரண்டு கோப்பையில் ஒயின் ஊற்றி, ஒரு துண்டை நனைத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"அப்பா சொன்னது சரிதான்," என்றார். "சோம்பு கம்மி."

நேதோ ஒன்றும் சொல்லவில்லை.